காடு அச்சடித்த சீட்டு

அமெரிக்காவில் அகலமான ஓர் ஆற்றங்கரையில் பெரிய காடு ஒன்று இருந்தது. திமிலன் என்ற காட்டெருமை அதை ஆண்டுவந்தது. அந்தக் காட்டில் கொட்டைதான் பணம். எதை வாங்கினாலும் கொட்டை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு வசந்த காலத்தில், மலைக்கு அப்பாலிருந்த ஓநாய்கள் படையெடுத்து வந்தன. காட்டைக் காக்கக் கலைமான்களும் ஆண் பீவர்களும் எல்லைக்குப் புறப்பட்டன. பீவர் என்பது பல்லாலேயே மரத்தை அறுத்து, ஆற்றில் அணை கட்டும் பிராணி. பீவர்கள் மரங்களைச் சாய்த்து வழியை அடைத்தன. மான்கள் கொம்பை நீட்டிக் காவல் நின்றன.

சண்டை நீண்டது. கருவூலப் பொந்தில் இருந்த கொட்டை எல்லாம் தீர்ந்துபோனது.

மான்களின் தளபதி மூச்சிரைக்க ஓடி வந்தது.

“தலைவரே! வீட்டில் எங்கள் குட்டிகள் பட்டினி கிடக்கின்றன. கூலி வராவிட்டால் என் வீரர்கள் எல்லையில் நிற்க மாட்டார்கள்!”

திமிலன் தலையைக் குனிந்து யோசித்தது.

“கொட்டை இல்லை. ஆனால் மரங்கள் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் அவை காய்க்கும். அதுவரை ஆளுக்குச் சீட்டு தருகிறேன். சீட்டைக் கொண்டுவருபவருக்கு அறுவடையில் கொட்டை கிடைக்கும். இது காட்டின் வாக்கு!”

பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை காகிதம் போல உரியும். அதில் சீட்டு அடிப்பது என்று முடிவானது. ஆனால் அந்தப் பக்கத்தில் அச்சுக்கூடம் வைத்திருந்தது அக்கரை நரி மட்டும்தான். கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட கரடி அதற்கு ஆள் அனுப்பியது.

நரி வந்தது. வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

“அடித்துத் தருகிறேன். அடிக்கும் சீட்டில் பாதி எனக்கு!”

“பாதியா? அநியாயம்!” என்று கரடி கத்தியது.

“அப்படியானால் வேறு யாரிடமாவது போங்கள். ஓநாய்கள் வரும் வேகத்தைப் பார்த்தால் நாளைக்கு முக்கால் பங்கு கேட்பேன்!”

 அருகில் இருந்த திமிலன் கவலையோடு எல்லைப் பக்கம் பார்த்தது.

கணவனுக்கு வரவேண்டிய கூலியைக் கேட்டுக் கருவூல வாசலில் காத்திருந்தது ஒரு பெண் பீவர். தட்டைவாலி என்பது அதன் பெயர். நரி பேசியது முழுவதும் அதன் காதில் விழுந்தது. அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறு என்று உள்ளே போனது.

“தலைவரே, எங்கள் வீட்டு ஆண்கள் உயிரைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த நரி அவர்கள் கூலியில் பாதி கேட்கிறது! சீட்டை நாமே அடித்தால் என்ன?”

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கரடியோ தயங்கியது.

“அம்மா, இது அரசாங்க வேலை. பெண்கள் இதுவரை இங்கே வேலை பார்த்ததே இல்லையே!”

“ஓநாய்களும் இதுவரை வந்ததில்லை. வந்துவிட்டன அல்லவா? மரத்தை அறுக்கும் பல்லுக்குப் பட்டையை வெட்டத் தெரியாதா?” என்றது தட்டைவாலி.

திமிலன் நரியின் பக்கம் திரும்பியது.

“நீ போகலாம்!”

ஓக் மரத்தின் அடியில் இருந்த பெரிய குழியில் வேலை தொடங்கியது. எல்லைக்குப் போன பீவர்களின் மனைவிமார் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மரங்கொத்தி தட்டைக் கல் ஒன்றில் திமிலனின் முகத்தைச் செதுக்கியது. கல்லில் பழச்சாற்றைத் தடவிப் பட்டையில் அழுத்தினார்கள்.

முதல் சீட்டைத் திமிலனிடம் காட்டினார்கள். சாறு பரவி, கொம்புகள் காதுகளாகிவிட்டன.

“இது யார்? பன்றியா?” என்று திமிலன் கேட்டது.

மரங்கொத்திக்கு அவமானமாகிவிட்டது. தட்டைவாலி சோர்ந்துபோகவில்லை. பைன் மரப் பிசினில் கரியைக் குழைத்து, கெட்டியான மை செய்தது. மறுபடி அழுத்தினார்கள். கொம்பும் தாடியும் பளிச்சென்று விழுந்தன!

பிறகு வேலை சூடுபிடித்தது. ஒருவர் பட்டை உரித்தார். ஒருவர் மை தடவினார். தட்டைவாலி ஓரம் பிசகாமல் பல்லால் நறுக்கியது. முதல் கூலியும் அதே சீட்டாகத்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

தட்டைவாலி அதை எடுத்துக்கொண்டு முயலின் கடைக்குக் கிழங்கு வாங்கப் போனது. முயல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“மரப்பட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கொட்டை கொண்டுவா!”

கடையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். தட்டைவாலி யோசித்தது. யாரும் வாங்காத சீட்டை வைத்துக்கொண்டு மான்கள் என்ன செய்யும்? அது நேராகத் திமிலனிடம் போய் விஷயத்தைச் சொன்னது.

“மற்றவர் வாங்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் வாங்க வேண்டும், தலைவரே!”

அன்று மாலையே காடெங்கும் அறிவிப்பு போனது. ஆற்றைக் கடக்கும் வரியை இனி இந்தச் சீட்டாலேயே கட்டலாம்! முயல் தினமும் ஆற்றைக் கடந்து சரக்கு எடுக்கும். அது காதுகளை நிமிர்த்தியது.

“வரிக்கு அரசாங்கமே வாங்குகிறதா? அப்படியென்றால் எனக்கும் கொடு! கிழங்கு எவ்வளவு வேண்டும்?”

ஒரு கடை வாங்கியதும் எல்லாக் கடைகளும் வாங்கின. மூட்டை மூட்டையாகச் சீட்டு எல்லைக்குப் போனது. குட்டிகள் வயிறார உண்டன. மான்கள் இடத்தை விட்டு அசையவில்லை. கோடைக்காலம் முழுதும் மோதிப் பார்த்த ஓநாய்கள், களைத்துப்போய் மலையைத் தாண்டி ஓடின.

இலையுதிர் காலம் வந்தது. மரங்கள் காய்த்துக் கொட்டின. சீட்டைக் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் திமிலன் சொன்னபடியே கொட்டையை அளந்து கொடுத்தது. அதைப் பார்த்த பலர், “சீட்டே இருக்கட்டும், தூக்கிச் செல்ல இதுதான் சுலபம்!” என்று வீடு திரும்பினார்கள்.

எல்லையிலிருந்து தட்டைவாலியின் கணவனும் வந்து சேர்ந்தது. மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டியது.

“ஓடிவிடலாம் என்று நாங்கள் நினைத்த அன்றுதான் இது வந்தது. யார் செய்தார்களோ, எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள், பார்!”

தட்டைவாலி நிமிர்ந்து நின்றது.

“நாங்கள்தான் செய்தோம்!” என்றது.

நீதி: தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளத் துணிந்து, கொடுத்த வாக்கையும் காப்பாற்றும் நாடு, யார் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.