கொல்லையில் தைத்த படகு

கடல்தண்ணீர் இன்றைக்கு இருக்கிற அளவுக்குக் கரிக்காத காலம் ஒன்று இருந்தது. ரொம்ப, ரொம்ப, ரொம்ப முன்னாடி. எவ்வளவு முன்னாடி என்று குறுக்கே கேட்கிறவர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மற்றவர்கள் கேளுங்கள். சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற கதை இல்லை இது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஓங்கில்துறை என்று ஒரு கடலோர ராஜ்ஜியம். அங்கே இருபத்தொரு மீனவர்கள். ஒரே படகில் சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள், வரும்போது தொண்டை கிழியப் பாடிக்கொண்டே வருவார்கள். பாட்டு கேட்டதும் வீட்டில் பெண்கள் உலை வைப்பார்கள். ஆடி மாசத்தில் ஒருநாள் போனவர்கள் திரும்பவில்லை. பாட்டும் கேட்கவில்லை. கடலில் மூடுபனி இறங்கியது. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

“கரையிலே கட்டுகிற எந்தப் படகும் இனி மிதக்காது! மிதக்காது! மிதக்காது!”

ராஜா சும்மா இருப்பாரா? கரையில் ஒரு படகு கட்டினார், முங்கியது. இன்னொன்று கட்டினார், முங்கியது. மூன்றாவதாகத் தேக்கில் இழைத்து இழைத்துக் கட்டினார். அது முங்கினபோது ராஜாவின் கிரீடமும் கூடவே போயிற்று. தலையைத் துவட்டிக்கொண்டே, “விதி” என்று சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போய்விட்டார். விதி என்ற சொல் இல்லாவிட்டால் ராஜாக்கள் என்னதான் செய்வார்களோ!

அந்த இருபத்தொரு பேரில் ஒருத்தனுடைய மனைவி பவளம்மை. படகுப் பாய் தைக்கிறவள். கோணி ஊசி அவள் கையில் ஆறாவது விரல். படகே இல்லாத ஊரில் பாய் எதற்கு? ஊசியைக் கூரையில் செருகிவிட்டுக் கொல்லைப்புறத்தில் குந்தியிருந்தாள். அப்போது மதில்மேல் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்து, இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்தது.

“ஏம்மா, என்னையே பாக்குறே? மூணு சேதி சொல்லுவேன். நாலாவது கேட்டா பறந்துருவேன்” என்றது.

பவளம்மை எழுந்து மதிலோரம் வந்து நின்றாள்.

“ஒண்ணு. உப்புத்தீவுல உவரன்னு ஒரு மந்திரவாதி இருக்கான். பத்து லட்சம் தரம் மந்திரம் சொல்லி முடிச்சா அவனுக்குச் சாவே கிடையாது. உங்க ஆளுங்க பாட்டுல மூணு தரம் அவன் கணக்குத் தப்பிப்போச்சு. மூணாவது தரம், படகோட பிடிச்சுக் கரையில உக்காத்தி உப்பாக்கிட்டான். ரெண்டு. ஐப்பசி மழை பேஞ்சா உப்பு என்ன ஆகும்னு உனக்கே தெரியும். மூணு. பனிக்குள்ள இருந்து அவன் சொன்ன சொல்லை நல்லா யோசிச்சுப் பாரு.”

“அவங்களைத் திரும்ப...” என்று ஆரம்பித்தாள். அது நாலாவது. நீர்க்காகம் பறந்துவிட்டது.

பவளம்மை யோசித்தாள். கரையிலே கட்டுகிற படகு மிதக்காது. சரி. கொல்லையிலே கட்டுகிற படகு?

அன்றைக்கே கொல்லைப் பூவரச மரத்தை வெட்டினாள். பலகை அறுத்தாள். ஆணி அடிக்க அவளுக்கு வராது, அவளுக்கு வந்தது தையல். பலகையின் ஓரத்தில் துளை போட்டாள், தேங்காய் நார்க் கயிற்றைக் கோத்தாள். குத்து, இழு, முடிச்சுப் போடு. குத்து, இழு, முடிச்சுப் போடு.

பக்கத்து வீட்டுக் காத்தாயி மதிலில் ஏறி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஏண்டி பவளம், கொல்லையில கப்பலா? உன் கோழிக்குக் கடல் காட்டப் போறியா?”

பவளம்மை நீர்க்காகம் சொன்னதைச் சொன்னாள். காத்தாயியின் சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் வந்தவள் வள்ளிக்கண்ணு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டுக் கதவைக் கழற்றித் தலையில் சுமந்து வந்திருந்தாள். “அக்கா, ரெண்டு பேர் உக்கார்ற படகுதானே தைக்கிறீங்க? இதையும் சேத்துத் தைங்க. எங்க வீட்டுக்காரரும் வரணும்.”

முடியாது என்று எப்படிச் சொல்வது? பவளம்மை தைத்தாள். குத்து, இழு, முடிச்சுப் போடு.

அப்புறம் காத்தாயி கட்டிலோடு வந்தாள். “சிரிச்சது தப்புதான், இந்தா. எங்க வீட்டு மனுசனும் வரணும்.” அதையும் தைத்தாள்.

மூன்றாவதாகத் தெருவே வந்தது. கதவு, ஜன்னல், நெல்லுப்பெட்டி, ஊஞ்சல் பலகை. “எங்க வீட்டுக்காரரும், எங்க வீட்டுக்காரரும்” என்று ஒரே அழுகை. பவளம்மை சேர்த்துச் சேர்த்துத் தைத்தாள். மற்றவர்கள் நார் திரித்தார்கள், தண்ணீர் ஏறாமலிருக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்கில் பூசினார்கள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. கோழிக்கு நிற்க இடமில்லை. கொல்லை முழுக்கப் படகு.

ஐப்பசி பிறந்த அன்று கடைசி முடிச்சு விழுந்தது. “தூக்குங்கடி!” என்றாள் காத்தாயி.

தூக்கி? எந்த வழியாக?

பவளம்மைக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளை அளக்காமல் யாராவது சட்டை தைப்பார்களா? அவள் தைத்திருந்தாள். மூன்று பக்கமும் கருங்கல் மதில், ஆள் உயரத்துக்கு மேல். நாலாவது பக்கம் அவள் வீடு. படகின் அகலமும் வீட்டின் அகலமும் ஒன்று. வீடு இருந்தால் படகு வெளியே போகாது.

அந்த வீடு அவள் புருஷன் கட்டியது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒற்றை ஆளாக மண் மிதித்துச் சுவர் வைத்தான். உள்சுவரில் இன்னும் அவன் உள்ளங்கை பதிந்திருந்தது. அவன் திரும்பி வராவிட்டால் அவளிடம் மிச்சம் அந்தக் கை ஒன்றுதான்.

“ஒருநாள் பொறுங்க” என்றாள். எல்லோரும் பொறுத்தார்கள். அன்று தூறல் போட்டது. மறுநாள் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றும் தூறல். மூன்றாம் நாள் வள்ளிக்கண்ணு வந்து, கதவில்லாத தன் வீட்டையும் கதவிருந்த பவளம்மையின் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றும் தூறல்.

நாலாம் நாள் சமைக்க உப்பு எடுக்கப் போனாள் பவளம்மை. உப்புச் சட்டியை முற்றத்தில் மூடாமல் வைத்திருந்தாள். உள்ளே கையை விட்டால் வெறும் தண்ணீர்.

“ஐயோ” என்றாள். கடப்பாரையை எடுத்தாள். முதல் குத்து அந்தக் கை பதிந்த இடத்திலேயே விழுந்தது. மற்ற இடத்தில் ஆரம்பித்திருந்தால் பாதியில் நின்றிருப்பாள், அது அவளுக்கே தெரியும். உச்சிப் பொழுதுக்குள் வீடு மண்மேடு. தென்னந்தடிகளை உருட்டிவிட்டு, அதன்மேல் படகை ஏற்றி, இருபத்தொரு பெண்களும் இழுத்தார்கள். தெரு வழியாக, மணல் வழியாக, கடலுக்குள்.

படகு முங்கவில்லை. முங்கவில்லை. முங்கவே இல்லை.

மூடுபனியைக் கிழித்துக்கொண்டு போனார்கள். உப்புத்தீவு வந்தது. புல் கிடையாது, பூண்டு கிடையாது, எல்லாம் வெளுப்பு. கரையில் பழைய படகு செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. பக்கத்தில் உப்பு மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், துடுப்புப் பிடித்த கையோடு, பாட்டுக்குத் திறந்த வாயோடு. தூறல் பட்டு முகங்கள் மழுங்கியிருந்தன. பெண்கள் ஓடி ஓடித் தேடினார்கள். மூக்கை வைத்து, தோளை வைத்து, நெற்றித் தழும்பை வைத்துத் தங்கள் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

பாறைமேல் உவரன் உட்கார்ந்திருந்தான். கையில் மணிமாலை. “ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்து எட்டு” என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

“வந்துட்டீங்களா? பரவாயில்லை. ரகசியத்தை நானே சொல்றேன். கட்டின பெண்டாட்டி வாயைத் திறந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டா எழுந்துருவான். எங்கே, கூப்பிடுங்க பாக்கலாம்!”

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஏன் சிரித்தான் தெரியுமா? பிச்சைக்காரன் வேஷத்தில் ஓங்கில்துறைத் தெருவில் மூன்று நாள் நடந்தவன் அவன். அங்கே ஒரு பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்பிக்கை. “இந்தாங்க”, “எங்க வீட்டுக்காரர்”, “அவுக”, அவ்வளவுதான். இரும்புப் பூட்டு போட்டிருந்தால் உடைத்திருப்பார்கள். அவன் போட்டது இந்தப் பூட்டு.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். “சொல்லி, ஏதாவது ஆயிட்டா?” என்றாள் ஒருத்தி. “ஆத்தாடி, என் வாயாலயா?” என்றாள் இன்னொருத்தி. காத்தாயிக்குக்கூட வாய் அடைத்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பவளம்மை தன் புருஷன் எதிரில் நின்றாள். அவன் இடது காது இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “உப்புக்கட்டிக்கு என்னடி ஆயுசு? இருந்தாத்தானே குறையும்!” என்று கத்தினாள். பிறகு அவன் பக்கம் குனிந்தாள்.

“சடையா” என்றாள், தனக்கே கேட்காதபடி. ஒன்றுமில்லை.

“சடையா” என்றாள். இமை ஒன்று அசைந்தது.

“சடையா!” என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். அவன் மார்பில் உப்பு பொருக்குப் பொருக்காக விழுந்தது. “என்ன புள்ள, பேரைச் சொல்லிட்டே?” என்றான்.

அவ்வளவுதான்! “மாசானம்!” “பொன்னாண்டி!” “வெள்ளையப்பா!” என்று தீவு அதிர்ந்தது. காத்தாயி ஒரு தடவை ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அவள் புருஷன் எழுந்து, “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று கும்பிட்ட பிறகும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உவரனுக்குக் கணக்குத் தப்பியது. “ஒன்பது லட்சத்து... ஒன்பது லட்சத்து...” என்று மணிமாலையை உருட்டினான். உடம்பை விட்டுக் கழன்ற உப்பெல்லாம் அவன் காலடியில் ஏறியது. முழங்கால், இடுப்பு, கழுத்து. அந்த நேரத்தில் மழை கொட்டியது. பாறைமேல் இருந்த வெள்ளை உருவம் குழைந்து, வழிந்து, கடலில் இறங்கியது. கடல் இப்படிக் கரிப்பது அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

மூடுபனி கலைந்தது. எல்லோரும் படகில் ஏறத் தொடங்கினார்கள். பவளம்மை எண்ணினாள். பெண்கள் இருபத்தொன்று. ஆண்கள் இருபது.

வள்ளிக்கண்ணு வரிசையின் கடைசியில், தாழ்ந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ஒரு துடுப்பும் ஒரு தலைத்துண்டும் ஈர மண்ணும் மட்டும் இருந்தன.

“நல்லமுத்து” என்றாள். “நல்லமுத்து... நல்லமுத்தூ!”

மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

துடுப்பின்மேல் நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது. யாரும் கேட்காமலே, “முந்தாநேத்துத் தூறல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

முந்தாநேற்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாள். திரும்பி வரும்போது புருஷன் பக்கத்தில் அவள் உட்காரவில்லை. வள்ளிக்கண்ணு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“வள்ளி, மூணு நாளு நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“தெரியும்.”

“அன்னைக்கே இடிச்சிருந்தா...”

“அதுவும் தெரியும். உங்க மேல கோவம் இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. இருக்கு.” கொஞ்ச தூரம் வந்த பிறகு, “என் கதவு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

பவளம்மை காட்டினாள். படகின் மூக்குப் பக்கம், இரண்டாவது பலகை. கதவுக் கொண்டி அடித்த தழும்பு இருந்தது. வள்ளிக்கண்ணு அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு கரைவரைக்கும் அழுதாள்.

ராஜா பவளம்மைக்குப் பொன்னும் பட்டும் அனுப்பினார். அவள் வாங்கவில்லை. ஊரே கூடி மண் மிதித்து அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. சடையன் சுவரில் மறுபடி உள்ளங்கையைப் பதித்தான். ஒரு காதில்லாதவன், அதனால் அவள் உரக்கக் கூப்பிட வேண்டியிருந்தது. தெருக்கோடி வரைக்கும் அவன் பெயர் கேட்கும். ஆயுள் ஒன்றும் குறையவில்லை, எண்பது வயது இருந்தான். ஓங்கில்துறையில் பெண்கள் இன்றும் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

படகு மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. மீன்பிடிக்கக் கடலுக்குத் தள்ளுகிற முதல் நாள், ஆண்கள் விளிம்பில் கைவைத்து நின்றார்கள். பெயர் சொல்லாமல் படகைத் தள்ளக் கூடாது, அது அவர்கள் வழக்கம். அப்போது வள்ளிக்கண்ணு மணலில் இறங்கி வந்து மூக்குப் பலகையில் கைவைத்தாள்.

“நல்லமுத்தூ!” என்றாள்.

படகு நகர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும், இருபது ஆண்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தள்ளுவதற்கு முன்னால், முதல் குரல் அவளுடையதாகவே இருந்தது.