யாரும் தொடாத பட்டன்

“பேய்னு நான் சொல்லல மேடம். வேல செய்ய ஆளே இல்ல, பெட்டி மட்டும் சுடுதுன்னுதான் சொன்னேன்.”

ஆவுடையப்பன் பெட்டி மேல கைய வச்சுட்டு எடுத்துக்கிட்டார். காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருந்துச்சு.

ஆஸ்பத்திரி வார்டுல மாட்டுற பெட்டி அது. நாலு கட்டிலுக்கு நாலு பட்டன். நோயாளி அமுக்கினா நர்ஸ் ரூம்ல மணியடிக்கும். பட்டனுக்கும் பிராசசருக்கும் நடுவுல நிக்கிற டிரைவர் புரோகிராம எழுதினது ஆவுடையப்பன். பாதி ஆயுசு சால்டரிங் பிடிச்சுட்டு இப்பத்தான் புரோகிராம் பக்கம் வந்திருக்கார். சொல்லிக் கொடுக்குற ஷாஹிதா மேடம் அவரைவிட ரொம்பச் சின்னவங்க. அதுல அவருக்கு வருத்தமில்ல. அவங்களுக்குச் சால்டரிங் வராது.

சாயங்காலம் பெட்டிய ஏத்த வண்டி வருது. மாட்டப் போற வார்டுல நாலாவது கட்டில்ல அவரோட அம்மா கிடக்காங்க. பக்கவாதம். பேச்சு போயிருச்சு. இனி பட்டன்தான் வாய்.

“பிராசசர் எவ்வளவு ஓடுது சார்?”

“நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு.”

“எந்த புரோகிராம் தின்னுது?”

“எல்லாம் தூங்குது மேடம். ஒண்ணுவிடாம.”

“பட்டன அமுக்கினீங்களா?”

“காலையில முதல் கட்டிலோடத ஒரு தடவ அமுக்கினேன். மணியடிச்சுச்சு. அதுக்கப்புறம் அத யாரும் தொடல. இப்ப நாலாவத அமுக்கினா மணியே அடிக்கல.”

“பட்டன் கூப்பிட்டா உங்க டிரைவர் என்ன பண்ணும்?”

“ஓடி வரும். யாருன்னு பாக்கும். மணியடிக்கலன்னா அடிக்கும். அடிச்சிருந்தா பேசாம திரும்பிப் போயிரும்.”

மேடம் எந்திரிச்சு உள் ரூமுக்குப் போயிட்டாங்க.

உச்சி வேளை. ஆபீஸ் மொத்தமும் சாப்பிடப் போயிருந்துச்சு. போறவங்க கரண்ட மிச்சம் பிடிக்க லைட்ட அணைச்சிருந்தாங்க.

“ஆவுடையப்பன்.”

உள்ள இருந்துதான். ‘சார்’ போடாம அவங்க கூப்பிட்டதே இல்ல.

அவர் வாயத் திறக்காம போய் வாசல்ல நின்னார். உச்சியில பேர் சொல்லிக் கூப்பிட்டா அது பேயாவும் இருக்கலாம், பதில் கொடுக்கக் கூடாது, போய் யாருன்னு பாக்கணும். அவர் ஊர்ப் பழக்கம் அது. மெட்ராஸ் வந்தும் விடல.

“ஆவுடையப்பன்.”

கிட்டப் போனார்.

“ஆவுடையப்பன்.”

அதே சத்தம், அதே இழுப்பு. எதிர்ல போய் நின்னார். மேடத்தோட கண்ணு திறந்துதான் இருந்துச்சு. அவரத் தாண்டி எங்கயோ பாத்துச்சு.

“ஆவுடையப்பன். ஆவுடையப்பன். ஆவுடையப்பன்.”

கை மயிர் நட்டுக்கிச்சு. திரும்பி ஓடலாமான்னு காலு கேட்டுச்சு.

“ஏன் மேடம்?”னு கடைசியா பதில் கொடுத்துட்டார்.

சத்தம் நின்னுச்சு. ஃபேன் சுத்துறது மட்டும் கேட்டுச்சு.

“சாப்டீங்களா சார்?”ன்னாங்க.

பதில் சொன்னப்புறம்தான் சத்தம் நின்னுச்சுன்னு அவருக்கு உறைச்சுச்சு. அப்புறம் விறுவிறுன்னு பெட்டிக்கிட்ட வந்தார். நாலு பட்டனையும் பாத்துக்குற சிப்புல இருந்து பிராசசருக்கு வர்ற கம்பி எத்தன தடவ கூப்பிட்டிருக்குன்னு ஸ்கிரீன்ல எடுத்தார். கடைசி எண்ணெல்லாம் கண்ணுக்கு நிக்காம சுழண்டுச்சு. எல்லாம் முதல் கட்டில். காலையில கூப்பிட்டது, இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. அதுல நாலாவது கட்டிலுக்கு வழியே கிடைக்கல.

டிரைவர்ல ஒரு வரி சேர்த்தார். வந்து பாத்த கையோட, சிப்புகிட்ட ‘கேட்டாச்சு’ன்னு சொல்ற வரி.

புரோகிராமத் திரும்பப் பெட்டியில ஏத்தி, முதல் பட்டன அமுக்கினார். மணியடிச்சுச்சு. பிராசசர் நூத்துக்கு ரெண்டுலயே நின்னுச்சு. நாலாவத அமுக்கினார். அதுக்கும் அடிச்சுச்சு. அவர் அந்தப் பட்டன்ல இருந்து விரல எடுக்கவே இல்ல.

“ஆவுடையப்பன்.”

இந்தத் தடவ கீழ, மாடிப்படியில இருந்து.

மேடத்தப் பாத்தார். அவங்க டிபன் பாக்ஸத் திறந்துக்கிட்டிருந்தாங்க.

“உங்களுக்குக் கேட்டுச்சா மேடம்?”

“கேட்டுச்சு. வண்டிக்காரரா இருக்கும்.”

“வண்டி சாயங்காலம்தான். வண்டிக்காரனுக்கு என் பேரும் தெரியாதே.”

“அப்ப வேற யாரோ. பதில் சொல்லிட்டுப் போங்க சார்.”

“ஏன்? இந்தா வர்றேன்”னு குரல் கொடுத்துட்டு ஆவுடையப்பன் இருட்டுப் படியில இறங்கிப் போனார்.