மீனாளைத் தூக்கி வந்தவர்கள்

டாக்டர் சேவுகன் பல வருடம் மூட்டு வைத்தியம் பார்த்தவர். ஊரில் வைரஸ் காய்ச்சல் பரவி நுரையீரல் வார்டு நிரம்பியபோது, தன்னைவிட வயதில் சிறியவரான டாக்டர் நாச்சியாரிடம் வேலை கற்கச் சேர்ந்தார். அதில் அவருக்குக் கூச்சம் கொஞ்சம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சேர்ந்த வாரமே ஓர் அதிசயம் பார்த்தார். மூச்சுத் திணறிக் கிடந்த லாரி டிரைவர் ஒருவருக்கு நாச்சியார் ஊசி போட்டார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி மூட்டு வீக்கத்தை வற்றவைப்பதற்காக சேவுகன் காலங்காலமாக எழுதிக்கொடுத்த அதே மருந்து. டிரைவர் பிழைத்துக்கொண்டார்.

"இது கிருமியைக் கொல்லாதே மேடம்?"

"கொல்லாது."

"அப்புறம் எப்படி?"

"பார்த்துக்கிட்டே இருங்க சார்."

பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமை டாக்டர்களுக்கு ஏது? தன் மருந்து இங்கேயும் வந்து பேர் வாங்கிவிட்டதே என்ற பெருமையில் சேவுகனுக்குக் கால் தரையில் படவில்லை.

அப்போதுதான் அவருடைய அக்கா மீனாளுக்குக் காய்ச்சல் கண்டது. தாயில்லாத சேவுகனைத் தூக்கி வளர்த்தவள். வார்டு மாடியில், லிஃப்ட் கிடையாது. மச்சானும், அக்காவின் இரண்டு மருமகன்களும், எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையாகப் போர்வையைப் பிடித்து அவளைத் தூக்கி வந்தார்கள். படியேறி முடித்ததும் மச்சான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சேவுகன் ஊசி மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு வேண்டாம் சார்" என்றார் நாச்சியார்.

"காய்ச்சல் அனலாக் கொதிக்குது மேடம்."

"கொதிக்கட்டும். மூச்சு நல்லா இருக்கு."

"உங்க கூடப்பிறந்தவளா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

"இதைத்தான் சொல்வேன்."

சேவுகனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் மருந்தை உள்ளே வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க நாச்சியாரிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான்.

வாரக் கடைசியில் காய்ச்சல் தணிந்தது. பரிசோதனையில் கிருமியும் குறைந்திருந்தது. சேவுகன் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மீனாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிருமி அடங்கியும், அதை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி அடங்காமல் நுரையீரலில் வீக்கம் ஏறிக்கொண்டே போனது.

சேதி தெரிந்த சொந்தக்காரர்கள் மாஸ்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு கட்டிலைச் சூழ்ந்துவிட்டார்கள். நோயாளியைத் தனியாக விடுவது நம் ஊரில் பெரிய குற்றமாயிற்றே. ஒருவர் பாதத்தைத் தேய்த்தார். ஒரு மருமகன் எக்ஸ்ரே படத்தால் விசிறினான். எதிர்வீட்டுக்காரர் திருநீறு பூசினார். மச்சான் ஹார்லிக்ஸ் புகட்டப் பார்த்தார். அது மூக்கில் ஏறி மீனாள் இருமினாள். ஆக்சிஜன் குழாயை யாரோ மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

நாச்சியார் உள்ளே வந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க."

"நாங்க அவளுக்கு ஒத்தாசையா..." என்றார் மச்சான்.

"தெரியும்ணே. போங்க."

அவர்கள் நகர்ந்ததும் நாச்சியார் ஜன்னலைத் திறந்தார். குழாயைச் சரிசெய்தார். பிறகு சேவுகனைப் பார்த்தார்.

"இப்ப போடுங்க சார், உங்க மருந்தை."

சேவுகன் மருந்தை எடுத்துவந்து ஊசியில் ஏற்றினார். அக்கா போய்விடுவாளோ என்று பயம். எப்படியோ போட்டு முடித்தார்.

மறுநாள் திணறல் குறைந்தது. அதற்கடுத்த நாள் மீனாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று மச்சானை வைதாள். அதைக் கேட்டு சேவுகன் வராந்தாவுக்கு வந்து அழுதார். அங்கே மச்சானும் மருமகன்களும் எதிர்வீட்டுக்காரரும் டிபன் கேரியரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

நாச்சியார் அந்த வழியாக வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"முதல் நாளே நான் போடறேன்னு சொன்ன மருந்துதானே இது? அன்னைக்கு ஏன் தடுத்தீங்க?"

நாச்சியார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"இவங்களை முதல் நாளே துரத்தியிருந்தா, உங்க அக்காவை யார் சார் மாடிக்குத் தூக்கிட்டு வந்திருப்பாங்க?"