மூன்றாம் மடையில் கலங்கல்

எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள், ரொம்பப் பழைய காலம். கடம்பூர் நாட்டை விசயகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் எதற்குச் சிரிப்பான், எதற்குச் சீறுவான் என்று அவனுக்கே தெரியாது.

ஐந்து நாளாக விடாத மழை. ஊருக்கு மேலே பெரிய ஏரி ததும்பிக்கொண்டு நின்றது. அன்று காலை மடைக்காவல் செய்யும் செங்காத்தாள் நனைந்த சேலையோடு சபைக்குள் ஓடிவந்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது.

"மகாராசா! மூணாம் மடைகிட்ட கரை ஒடையப்போவுதுங்க. பொழுது சாயறதுக்குள்ள வடக்குக் கலிங்கைத் தெறந்து தண்ணிய வெளியேத்துங்க! கரைக்குக் கீழதான் எம்புள்ளைங்க இருக்கு..."

தளவாய் நாகபூடணர் கடகடவென்று சிரித்தார். "பெண்களுக்குப் பயம் கூடவே பிறந்தது, அரசே. இடி இடித்தாலே அலறுவார்கள்."

அவள் சொன்னதைக் காதில் வாங்காமலே ராஜாவும் சிரித்தான். "வீட்டுக்குப் போ, அம்மா."

அமைச்சர் இளம்பரிதி சிரிக்கவில்லை. வெளியே போய், அழுதுகொண்டிருந்த செங்காத்தாளை வாசலிலேயே நிறுத்திவைத்தார். பிறகு அவள் சொன்னதைச் சுத்தமான தமிழில் ஓலையில் எழுதி, பிள்ளைகளைப் பற்றியதை மட்டும் விட்டுவிட்டு, சபையில் கணீரென்று வாசித்தார்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன தெளிவு! ஆபத்து, இடம், பரிகாரம், மூன்றும் இருக்கிறதே! யார் சொன்னது?"

"இந்தச் சபைக்கு வந்தவர்தான், அரசே."

நாகபூடணர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "தற்பெருமை கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன். அது அடியேன் யோசனை."

"நல்லது. அத்தனை மடை இருக்க, மூன்றாம் மடை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார் அமைச்சர்.

"அது... அனுபவம்!"

"என்ன பார்த்தீர்கள்?"

தளவாய் மறுபடியும் மீசையைத் தடவினார். அமைச்சர் வாசலைப் பார்த்து, "அம்மா, நீ சொல்" என்றார்.

செங்காத்தாள் உள்ளே வந்தாள். "கசியற தண்ணி தெளிவா வந்தா பயமில்லீங்க. மூணாம் மடையில காலையிலேருந்து கலங்கலா வருது. கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்."

ராஜாவின் முகம் வெளிறியது. சபையே ஏரிக்கு ஓடியது. மூன்றாம் மடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொப்பளித்தது, கரை ஒரு முழம் உள்வாங்கியிருந்தது. கலிங்கைத் திறந்தார்கள். ராஜா, அமைச்சர், தளவாய் என்று பாராமல் எல்லார் தலையிலும் மண்கூடை ஏறியது. செங்காத்தாள் கைகாட்டிய இடத்தில் கொட்டினார்கள். பொழுது சாயும்போது கசிவு தெளிந்தது. அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜா எல்லார் முன்னிலையிலும் சொன்னான்: "இன்று முதல் இந்த ஏரிக்கு இவள்தான் அதிகாரி. மழைக்காலம் முடியும்வரை தளவாய் இவளுக்குக் கூடை சுமப்பார்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "உனக்கு வேறென்ன வேண்டும், தாயே?"

"நாளைக்கு இன்னொருத்தி பதறிக்கிட்டு ஓடிவருவா, மகாராசா. அவ நடுங்குறதைப் பார்க்காதீங்க. அவ கைகாட்டுற இடத்தைப் பாருங்க."