சுருளில் மிச்சம்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்காதீர்கள், ஒரு ராஜசபையில் மந்திரிகள் வலவரிசை, இடவரிசை என்று பிரிந்து உட்காருவார்கள். ஒரு வரிசை இன்று வெயில் அதிகம் என்றால் மறுவரிசை போர்வை கேட்கும்.

அரண்மனைக் களஞ்சியச் செலவில் ஊருக்கு ஊர் மருந்துச்சாலை திறக்கலாம் என்று வைத்தியர் திருமேனியார் யோசனை சொன்னார். வலவரிசை தலையாட்டியது. அது போதாதா? இடவரிசைத் தலைவர் அகளங்கர் ஒரு படச்சீலையோடு வந்தார்.

படச்சீலை எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். நீளத் துணியில் ஒரு கதையை அடுத்தடுத்த படங்களாக எழுதி, இரண்டு கோல்களுக்கு நடுவே சுற்றி வைப்பார்கள். முதலில் துணியெல்லாம் வலக்கோலில் இருக்கும். காட்டி முடித்த படத்தை இடக்கோலில் சுற்றச் சுற்ற, அடுத்த படம் வெளியே வரும். வலக்கோல் மெலிந்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அகளங்கர் ஒரே ஒரு படம்தான் காட்டினார். சிலர் ஓர் உழவனை அமுக்கிப் பிடித்திருக்க, திருமேனியார் அவன் கால்மேல் கத்தி வைத்திருந்தார்.

"அரசே, ஊர் ஊராகத் திறக்கப்போவது இதைத்தான்."

வைத்தியர் வாய் திறக்குமுன் இடவரிசை கூச்சலிட்டது. வலவரிசை பதிலுக்கு வைதது. ராஜாவின் முகம் சிவந்தது. "என் குடிகளை அறுக்க என் களஞ்சியமா? நாளை இவர் தலை விழட்டும்."

விகடகவி பூவராகன் எழுந்தான். "அரசே, அந்தப் படம்..."

"அதில் ஒரு கோடாவது பொய்யா? சொல்," என்று ராஜா இடைமறித்தார்.

பூவராகன் வலக்கோலைப் பார்த்தான். அது இன்னும் தடியாகவே இருந்தது. "ஒரு கோடும் பொய்யில்லை, அரசே."

வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனாலும் அந்தப் படம் பொய் சொல்கிறது," என்றான் பூவராகன்.

"கோடு பொய்யில்லாத படம் பொய் சொல்லுமா? நாளை காட்டு. முடியாவிட்டால் அவரோடு நீயும் போ."

"காட்டுகிறேன். அதுவரை இந்தச் சீலையை யாரும் தொடாமல் காவல் போடுங்கள்."

மறுநாள் பூவராகனும் ஒரு படச்சீலை கொண்டுவந்தான். முதல் படத்தில் ராஜா தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். முதுகு மட்டும் தெரிய நின்ற ஒருவன் அவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தான். பக்கத்தில் அகளங்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

ராஜாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. காவலர்கள் வாளை உருவினார்கள்.

"துரோகி. பிடியுங்கள் அவனை," என்றது வலவரிசை.

அகளங்கருக்கு முழங்கால் ஆடியது. "அரசே, காலைச் சவரம் அது. கத்தி வைத்திருப்பவர் நம் நாவிதர். தினமும் நான்தானே தங்களுக்குக் கண்ணாடி பிடிக்கிறேன்."

"கண்ணாடி எங்கே மந்திரியாரே? ஒரு கோடாவது பொய்யா, சொல்லுங்கள்," என்றான் பூவராகன்.

"கோல் இன்னும் தடியாக இருக்கிறதே, பாவி. மிச்சத்தையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள் அரசே."

"அதைத்தான் நேற்று நான் சொல்ல வந்தேன்," என்று பூவராகன் விரித்தான். அடுத்த படத்தில், மழமழவென்ற முகத்தோடு ராஜா, அகளங்கர் பிடித்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா தாமே இறங்கி வந்து அகளங்கரின் சீலையை விரித்தார். அடுத்த படத்தில் வைத்தியர் உழவனின் கால் சீழ்க்கட்டியைக் கீறி மருந்து கட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் உழவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ராஜா வலவரிசைப் பக்கம் திரும்பினார். "வாளுக்கு அவசரப்பட்ட நீங்களும் கோலைப் பார்க்கவில்லை. நானும்தான்." வைத்தியரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பூவராகா, என்ன பரிசு வேண்டும்?"

"முதல் மருந்துச்சாலையை அகளங்கர் தெருவில் திறந்துவிடுங்கள் அரசே. அவர் முழங்கால் ஆட்டம் இன்னும் நிற்கவில்லை."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடித்துத் தந்த பூவராகன் கையில் தம் முத்துமாலையைப் போட்டார். பிறகு இரண்டு வரிசையும் சிரித்தன, முதல் தடவையாக ஒரே விஷயத்துக்கு.