எந்த அணியிலும் சேராத பொறிக்காரி

மரகதக் கோட்டையில் வாள் அணி, மந்திர அணி என்று இரண்டே அணிகள். பொறிகள் செய்யும் எழினி இரண்டிலும் இல்லையாம். அதனால் ஊரைவிட்டே போக வேண்டுமாம்! அவள் செய்த தூக்குப்பாலத்தில் நடந்து வந்துதான் இரு தலைவர்களும் இதைச் சொன்னார்கள். என்ன நெஞ்சழுத்தம்!

"நீ செய்த சாமான் ஒன்றுகூட இங்கே இருக்கக் கூடாது!" என்று மந்திரத் தலைவர் கையை உயர்த்தினார். விரல் நுனியில் நெருப்பு எரிந்தது. கூட்டம் கும்பிட்டது.

"சரிங்க ஐயா, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே போறேன்" என்றாள் எழினி. நேராக அவரிடம் போய், அங்கியின் கையை மடித்துவிட்டு, தான் செய்துகொடுத்த எண்ணெய்க் குழலை உள்ளேயிருந்து அவிழ்த்தாள். நெருப்பு அணைந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

அடுத்து வாள் தலைவர் பக்கம் திரும்பினாள். அவர் அவசரமாகத் தன் கவசத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"மூணாவதா ஒரு அணி இருந்தா என்னய்யா கெட்டுப்போகுது?" என்று மந்திரத் தலைவரைப் பார்த்துக் கத்தினார்.