பரிவட்டத்தால் உயிர் பிழைத்தவன்

முன்னொரு காலத்தில், கடல் மணல் வந்து அரண்மனைப் படிகளில் ஒதுங்கும் ஒரு நாட்டை மணிமுடியான் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் பொறுமை கிடையாது. வாயில் போட்ட வெற்றிலையின் சாறு வற்றுவதற்குள் எந்த வழக்கும் தீர்ந்துவிட வேண்டும். தீராவிட்டால் கண்ணில் முதலில் படுகிறவருக்குத் தோல்வி.

அந்தச் சபைக்கு ஒரு காலை உமையாள் வந்து நின்றாள். அவள் கணவன் கடற்கரையாண்டி, தோணி நிறைய உப்பு ஏற்றிக்கொண்டு கிழக்கே போனவன். போகும் அன்று அவன் வாசலில் நட்ட தென்னம்பிள்ளை வளர்ந்து, பாளை விட்டு, காய்த்தும் விட்டது. அவன் மட்டும் வரவில்லை. வீட்டின் தலைவாசல் கடலைப் பார்த்து இருந்தது. அதை அவள் பகலில் சாத்தியதே இல்லை.

வழக்குத் தொடுத்தவன் கணவனின் தம்பி பேச்சிமுத்து.

"அண்ணன் செத்துப்போயிட்டார், மகாராஜா. பிள்ளையும் இல்லை. வீடும் தோப்பும் தம்பிக்குத்தானே சேரணும்? மதினிக்கு நான் கஞ்சி ஊத்துறேன்."

"கஞ்சி காய்ச்ச எனக்கே தெரியும்," என்றாள் உமையாள். "வீடு கைமாறிப்போனால் அவர் எந்த வாசலுக்கு வருவார்?"

"ஆமாம், மீன்களிடம் வழி கேட்டு வருவார்!" என்றார் அரண்மனை நிர்வாகம் பார்க்கும் மேல்காரியம் சூலபாணி. சபை சிரித்தது. தோப்பில் பாதியைச் சூலபாணிக்குத் தருவதாகப் பேச்சிமுத்து சொல்லியிருந்தான். அதோடு, ராஜா தம் வெற்றிலைத் தட்டை மந்திரி திருமேனியாரின் பக்கம் மட்டுமே நகர்த்துவார் என்ற எரிச்சலும் சூலபாணிக்கு உண்டு. "மந்திரியார் இதற்கும் ஒரு மாதம் யோசிப்பார், மகாராஜா. தாங்களே தீர்ப்புச் சொல்லிவிடுங்கள்."

"வெற்றிலை வற்றுகிறது, திருமேனியாரே," என்றார் ராஜா.

திருமேனியார் எழுந்தார். "யோசிக்க என்ன இருக்கிறது? கடற்கரையாண்டி இறந்துவிட்டான் என்றே தீர்ப்பு எழுதலாம்."

உமையாளின் கை தூணைப் பிடித்துக்கொண்டது.

"ஒரே ஒரு சில்லறைக் காரியம்," என்று மந்திரி பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அலைகாத்த அம்மன் கோயிலில் கொடியேற்றம். கோயில் மரியாதையாகத் தலையில் கட்டும் முதல் பரிவட்டம் உங்கள் வீட்டுக்கு அல்லவா? தூரத்துச் சாவுக்குச் செய்தி கேட்ட நாளிலிருந்து தீட்டு. தீர்ப்பு வந்த நிமிடமே உன் வீடு சாவு வீடு. ஒரு வருடம் கொடிமரத்தைத் தாண்ட முடியாது. அடுத்த உரிமை எந்த வீட்டுக்கு?"

"என் வீட்டுக்கு!" என்று சூலபாணி துள்ளி எழுந்தார். அவர் பாட்டன் காலத்திலிருந்து இரண்டாம் பரிவட்டத்துக்கே தலை குனிந்த வீடு அது.

பேச்சிமுத்து பதறினான். "அது எப்படி? அது பழைய சாவு! தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சுபோச்சு!"

"பழைய சாவா? போன வருடத்துக் கொடைத் திருவிழாவில், 'மூத்தவர் கடல்மேல் நலமாக இருக்கிறார், அவருக்காக நான் ஏற்கிறேன்' என்று அம்மன் முன்னால் சொல்லித்தானே பரிவட்டம் கட்டிக்கொண்டாய்? அது பொய் என்றால் கட்டிய தலைக்கு என்ன தண்டனை, மேல்காரியம்?"

"மொட்டையடித்து ஊரைவிட்டு விரட்டணும்!" என்றார் சூலபாணி. பரிவட்டம் அப்போதே தம் நெற்றியில் ஏறிவிட்டது போல இருந்தது அவருக்கு. "செத்தவன் செத்தவன்தான், மகாராஜா! சீக்கிரம் எழுதுங்கள்!"

"யோவ், தோப்பில் பாதி கேட்ட வாயா இது?"

"தோப்பு கிடக்கட்டும். உன் அண்ணன் செத்தானா இல்லையா?"

"சாகலை!" பேச்சிமுத்து தொண்டை கிழியக் கத்தினான். "எங்க அண்ணன் சாகலை! உயிரோடதான் இருக்கார்! ஒரு நாள் வரத்தான் போறார்!"

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பியே சொல்லிவிட்டான்! வீடும் தோப்பும் கடற்கரையாண்டி பெயரிலேயே இருக்கட்டும். அவன் வரும் வரை உமையாள் ஆளட்டும். சூலபாணி, நாளைமுதல் நீர் மேல்காரியம் இல்லை. திருமேனியாரே, இந்தாரும், தட்டை நீரே வைத்துக்கொள்ளும். உமையாளே, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பேச்சிமுத்துவைப் பார்த்தாள். இத்தனை காலத்தில் 'வருவார்' என்ற அந்தச் சொல்லை அவளைத் தவிர வேறு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு முழத் துணிக்காகச் சொல்லப்பட்டது என்று அவளுக்கும் தெரியும்.

"மகாராஜா," என்றாள். "கொழுந்தனாரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தார். வழக்கில் அவர் அவசரப்படாத நாள் அது ஒன்றுதான்.

அன்றுமுதல் ஒவ்வொரு கொடியேற்றத்தன்றும் பேச்சிமுத்து பரிவட்டம் கட்டிய தலையோடு உமையாளின் வாசலுக்கு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. சூலபாணி அவனுக்குக் குடை பிடிக்க வேண்டும். "அண்ணன் கடல்மேல் நலமாக இருக்கிறார், வருவார்" என்று பேச்சிமுத்து தெருக் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இருவரும் தலை குனிந்தபடி விடுவிடுவென்று போய்விடுவார்கள்.

உமையாள் அன்றைக்கு வாசல் தெளித்து, ஒரு செம்பில் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைப்பாள். அது பேச்சிமுத்துவுக்காக வைத்தது அல்ல. அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகும் அந்தச் செம்பு, கடலைப் பார்த்த வாசலில், நிறைந்தபடியே இருக்கும்.